இரண்டு சீத்தாப்பழக் கொட்டைகள்

நளினிக்கு உட்காரத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, அவளைப் பெற்றவளே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன சங்கதி இது. திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் சீட்டே கிடைத்தாலும் பாகாலா வருவதற்குள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். சாதத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்துதான் சாப்பிடுவாள். கையும் அப்படித்தான். பஸ் டிக்கெட், துப்பட்டா ஓரம், எதிரே நிற்பவருடைய பேனா மூடி என்று எதையாவது உருட்டிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் சித்தூரில் அக்கா வீட்டுக்காரர் ஜெயபிரகாஷின் ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருஷம் உட்காரவைத்தார்கள். புண்ணியவான், நல்ல மனுஷன்தான். ஆனால் ஸ்டூல் ஸ்டூல்தானே? காலையில் ஏறினால் ராத்திரி இறங்க வேண்டும். ஆதார் கார்டுக்கு பிளாஸ்டிக் உறை போடு, சூடு பண்ணு, ஓரத்தை வெட்டு, கொடு. மறுபடி போடு, சூடு பண்ணு. அந்த இரண்டு வருஷமும் தன் உடம்பையே யாரோ உறைக்குள் போட்டு ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது என்பாள்.

அதிலிருந்து அவளைத் தூக்கி வெளியே போட்டது திருப்பதியில் ஒரு டிரஸ்ட். ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு மண், காகிதம், கந்தல் துணி என்று கையில் கிடைத்ததை வைத்துப் பொருள் செய்ய வேண்டும். வாரத்துக்கு நான்கு ஊர், நான்கு பஸ். நளினிக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று வருஷம் கால் தரையில் படாமல் ஓடினாள். ஆனால் எல்லாம் கான்ட்ராக்ட். இந்த வருஷம் டிரஸ்ட் கையைச் சுருக்கிக்கொண்டது. இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். யாரை என்பதைத் திருப்பதியில் நடக்கப்போகிற கண்காட்சியைப் பார்த்துவிட்டு சுரேஷ்பாபு சொல்வார். சுரேஷ்பாபு அங்கே கோஆர்டினேட்டர்.

“நடு ஹால்ல நிக்கிற மாதிரி ஒரு பெரிய ஐட்டம் கொண்டாங்க நளினி. அதைக் கொண்டாந்துட்டா நீங்கதான். சின்னச் சின்னப் பொம்மையெல்லாம் நாகமணியே பண்ணிடுவாங்க” என்றார். நாகமணிதான் அந்த இன்னொருத்தி.

கொண்டுபோனால் வேலை. இல்லாவிட்டால் ஸ்டூல். அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பெரிய ஐட்டம் சின்னக்கண்டிகையில் பிறந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே போனால் வரும் ஊர். ஊர் முழுக்கத் தமிழ்க் குடியானவர்கள். அரசாங்கத் தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளி, பத்தொன்பது பிள்ளைகள். சனிக்கிழமை புத்தகப்பை கிடையாது என்பதால் அன்றைக்கெல்லாம் நளினி ராஜ்ஜியம்.

“எல்லாரும் சேந்து ஒண்ணே ஒண்ணு செய்யப் போறோம். இன்னா செய்யலாம்?” என்று கேட்டாள்.

ஒருத்தன் ராக்கெட் என்றான். ஒருத்தி பஸ் என்றாள். மூன்றாம் வகுப்பு கௌசிகா எழுந்து நின்று, “மூஞ்சி டீச்சர். பெருசா” என்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் மூஞ்சி மூஞ்சி என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

பழைய மரக் கரும்பலகை ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதைத் தரையில் படுக்கப்போட்டு, மேலே மூங்கில் தப்பையைக் கட்டி, ஏரிக் களிமண்ணை உமியோடு மிதித்து அப்பினார்கள். மூக்குக்காக இரண்டு கோஷ்டிக்குள் அடிதடி. காது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. சோடா மூடியும் உடைந்த வளையலும் நகை. சீத்தாப்பழம் காய்க்கிற சமயம் என்பதால் பிள்ளைகள் தின்று துப்பிய கறுப்புக் கொட்டையைக் கழுவி ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார்கள், அதை வரிசையாகப் பதித்து அட்டிகை செய்தார்கள். ஐந்து வாரத்தில் ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு மூஞ்சி வந்துவிட்டது. வந்த பிறகுதான் நளினியே அதை உற்றுப் பார்த்தாள். யாருடைய மூஞ்சியும் இல்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த நெற்றியையும் மூக்குத்தியையும் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கைக்குழந்தைகூடச் சொல்லும், அது கெங்கம்மா.

அந்த ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை கெங்கம்மாவுக்குத் திருவிழா, ஜாத்திரை என்பார்கள். களிமண்ணில் அம்மன் முகம் செய்வார்கள். கண் வைக்கிற வரைக்கும் அது வெறும் மண், யார் வேண்டுமானாலும் தொடலாம், தூக்கலாம். கண் வைத்துவிட்டால் அம்மன் வந்துவிட்டாள். வந்தவளை ஊர் எல்லை தாண்டவிடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் கத்தியால் கன்னத்தை அறுத்து, முகத்தைக் கலைத்து, அந்த மண்ணை வீட்டுக்கு ஒரு பிடி பிரசாதமாகக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு ஜுரம் என்றால் அந்த மண்ணைத்தான் கரைத்து நெற்றியில் பூசுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்குகிற மணியம்மாவின் வீட்டார்தான் அந்த ஊர் அம்மனுக்கு விளக்கேற்றுகிறவர்கள். ஒருநாள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“இது யாரு டீச்சரம்மா?”

“யாரும் இல்ல மணியம்மா. சும்மா ஒரு மூஞ்சி.”

“கண்ணு வெக்காத வரிக்கும் யாரும் இல்லதான். வெச்சிடாதீங்க.”

“வெக்க மாட்டேன். கண்காட்சிக்கு வர்ற பெரிய மனுஷன் யாரோ மேடையில வெப்பாராம்.”

“திருப்பதில போய் வெச்சா அது அந்த ஊரு பாடு. நம்ம எல்லைக்குள்ள வெச்சீங்கன்னா அப்பறம் இத்த எங்கியும் கொண்டுபோவ முடியாது, இப்பவே சொல்ட்டேன்” என்றாள் மணியம்மா. ஹெட்மாஸ்டர் நரசிம்மன் பெற்றோரையும் கூப்பிட்டு வைத்து அதையே சொன்னார். சாமிக் காரியம், கலெக்டர் காரியம் இரண்டுக்கும் ஒரே மாதிரி நடுங்குகிற மனுஷர் அவர். நளினி எல்லாருக்கும் நடுவில் தலையை ஆட்டினாள்.

இந்த ஸ்டூல் கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஆனால் மண் பிசையும்போது அவள் வாய்க்கும் பூட்டு கிடையாது. “இந்த மூஞ்சி மட்டும் திருப்பதி போவலன்னா, டீச்சர் ஜெராக்ஸ் கடைல போய் உக்கார வேண்டியதுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கௌசிகா மட்டும், “எவ்ளோ நாளுக்கு?” என்று கேட்டாள்.

“எப்பவும்தான்.”

கௌசிகா கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். மிச்ச வேலையை முடிக்க நளினி அன்றைக்கும் வந்திருந்தாள், மறுநாள் காலை மூஞ்சியையும் பிள்ளைகளையும் திருப்பதிக்குக் கொண்டுபோக வேன் வருகிறது. பிள்ளைகள் போய்விட்டார்கள். நளினிக்கு பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது. ஒரு மனுஷி அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். இவளால் முடியுமா? மூஞ்சியை இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அதன் மேல் மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்தாள், போட்டாள், மறுபடி எடுத்தாள். இடது கண்முழி ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. தண்ணீர் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியில் சாயந்திர நிழல் இறங்கியதும் மூஞ்சி அவளை ஒற்றைக் கண்ணால் ஓரமாகப் பார்த்தது.

அய்யய்யோ, மாறுகண் மாதிரி இருக்கிறதே!

அதைச் சரி செய்ய வலது பக்கமும் ஒரு குழி. குழி இரண்டும் சும்மா இருந்தால் குருடு மாதிரி இருந்தது. டப்பாவிலிருந்து இரண்டு சீத்தாப்பழக் கொட்டையை எடுத்தாள். வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடலாம், மேடையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? வைத்தாள். இரண்டு அடி பின்னால் போனாள். ஐந்து வாரமாக மண்ணாக இருந்தது இப்போது அவளையே உறுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தது. இத்தனை அழகாக ஒன்றை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ரோட்டில் ஹாரன் அடித்தது. பஸ்! அதை விட்டால் புத்தூருக்கு வேறு பஸ் கிடையாது. சாக்கை இழுத்துப் போட்டாள், பையை எடுத்தாள், ஓடினாள். படியில் தொற்றியபோது கை கைப்பிடிக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டை ஞாபகம் அந்தக் கைக்கும் இல்லை, அதற்குச் சொந்தக்காரிக்கும் இல்லை.

சனிக்கிழமை காலை வேனிலேயே வந்து இறங்கினாள். பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றது. கற்பூர வாசனை அடித்தது. அந்த வாசனை மூக்கில் ஏறிய நொடியில்தான் அவளுக்கு அந்த இரண்டு கொட்டையும் ஞாபகம் வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே சாக்கு விலகிக் கிடந்தது. ராத்திரியெல்லாம் மண் இறுகிக் கொட்டை இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. நெற்றியில் யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

“குண்டான் எடுக்க வந்தேன் டீச்சரம்மா. சாக்கு சரிஞ்சி கெடக்குது. நிமிந்தா பாத்துகினு கீறா! எனக்கு நெஞ்சே நின்னுடுச்சி” என்றாள் மணியம்மா. கையிலிருந்த தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்தது. “யாரு வெச்சது? அத்த சொல்லுங்க மொதல்ல.”

“யாரு வெச்சா இன்னா இப்ப? வேன் வந்து நிக்குது” என்றார் நரசிம்மன். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாவா? பெரியவங்க கை வெச்சிருந்தா அம்மன் வந்துட்டா, அர்த்தம் அதான். அடி எடுத்து எல்லைய தாண்டக் கூடாது. வயசுக்கு வராத புள்ள எதுனா வெளாட்டுக்கு வெச்சிருந்தா அது வெளாட்டுதான். மஞ்சத் தண்ணி ஊத்திக் கொட்டையப் புடுங்கிட்டுக் கொண்டுபோ, நான் எதுக்கு வாணாங்கறேன்?”

நளினி வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சுரேஷ்பாபு. “ஏமண்டி நளினிகாரு, பயல்தேராரா, கெளம்பிட்டீங்களா? நடு ஹாலைக் காலியா வெச்சிட்டு நிக்கறேன். நாகமணி ஐட்டமெல்லாம் ஓரத்துலதான் வெச்சிருக்கேன்” என்றார். “வந்துகினே இருக்கோம் சார்” என்றாள் நளினி. சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுச்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் தண்ணீர் பாட்டில் என்று பத்தொன்பது பேரும் சுவரோரம் நின்றார்கள்.

“நான்தான்” என்றது ஒரு குரல்.

கௌசிகா. ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

“நான்தான் வெச்சேன். வெளாட்டுக்கு.”

அவள் அப்பன் தேவேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஜாத்திரையில் கத்தி பிடித்துக் கன்னம் அறுக்கிற முறை அவனுடையது. தன் வீட்டுப் பிள்ளையே இப்படிச் செய்ததென்றால் ஊரில் தலைகாட்ட முடியுமா அவனுக்கு? “சொல்ல சொல்ல வெச்சியாடி?” என்றான். பதில் வருவதற்குள் கை வந்துவிட்டது. பளார் என்று ஒன்று. கௌசிகாவின் தோளிலிருந்த பாட்டில் எகிறிப்போய் விழுந்தது.

பிள்ளை அழவில்லை. அப்பனைப் பார்க்கவுமில்லை. நேராக நளினியைப் பார்த்தாள்.

நளினிக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவளுக்குத் தெரியும் என்று. மனசுக்குள் ஒரு குரல் சொல்லு சொல்லு என்றது. இன்னொரு குரல், முடிந்துபோச்சே, அடி விழுந்தாச்சே, இனிமேல் சொல்லி என்ன, வேன் நிற்கிறதே என்றது. வெட்கக்கேடு, அவள் இரண்டாவது குரலைக் கேட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மணியம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊசியால் நெம்பிக் கொட்டைகளை எடுத்தாள். நான்கு ஆள் பிடித்துப் பலகையோடு மூஞ்சியை வேனில் ஏற்றி, சீட்டுகளுக்கு நடுவில் சாய்த்து வைத்தார்கள். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஏறினார்கள். நரசிம்மன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, “போ போ போ” என்றார். வேன் நகர்ந்தது.

நளினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். ஒருவனுடைய காலரைச் சரி செய்தாள். சரியாக இருந்த ஜன்னலைத் திறந்து மூடினாள். எங்கே திரும்பினாலும் கௌசிகாவின் கன்னம்தான் தெரிந்தது. நான்கு விரலும் தனித்தனியாகப் பதிந்து வீங்கியிருந்தன. மற்றப் பிள்ளைகள் அவளை ஒட்டாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நளினி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“பாட்டில உட்டுட்டுப் பூட்டேன்னு நேத்து வந்தேன். ஜன்னல்ல பாத்தேன்.” பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டது. “நீங்க வெச்சீங்கன்னா மூஞ்சி போவாதுல்ல. மூஞ்சி போவலன்னா நீங்க கடைக்குப் பூடுவீங்க. எப்பவும்.”

நளினி இன்னும் கிட்டே நகர்ந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். அது சில்லென்று இருந்தது.

“டீச்சர்.”

“ம்.”

“நீங்க பெரியவங்க. அப்ப நெஜமாவே அம்மன் வந்துட்டால்ல?”

வேன் குலுங்கியது. மூஞ்சி ஆடியது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி.

“வந்தவ கண்ணப் புடுங்கிட்டாங்கல்ல. நான் பொய் சொன்னதாலதானே புடுங்கினாங்க?” கௌசிகாவின் கீழுதடு இப்போதுதான் துடிக்க ஆரம்பித்தது. “எல்லை தாண்டினதும் என்னிய இன்னா பண்ணுவா டீச்சர்? எங்க நைனாவ எதுனா பண்ணுவாளா?”

சாமி உண்டா இல்லையா என்று நளினி அதுவரை நின்று யோசித்ததில்லை. நிற்க அவளுக்கு ஏது நேரம்? ஆனால் இந்த எட்டு வயசுப் பிள்ளைக்கு உண்டு. எல்லை தாண்டினால் இந்தப் பயம் இதன் கூடவே திருப்பதிக்கு வரும், திரும்பி வரும், அடுத்த ஜாத்திரைக்கும் வரும். ஜுரம் வரும்போதெல்லாம் வரும். யாருக்காக? ஒருத்தி ஸ்டூலில் உட்காரக் கூடாது என்பதற்காக. சீ என்று இருந்தது அவளுக்கு, தன்னை நினைத்தே.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சுண்ணாம்பும் குங்குமமும் பூசிய எல்லைக்கல் வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டினால் புத்தூர் ரோடு.

“நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!”

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான். பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். கல்லுக்கு நான்கு முழம் இந்தப் பக்கம் வேன் நின்றது.

“யாருக்கு வாந்தி?” என்றார் நரசிம்மன்.

நளினி இறங்கி வந்த வழியே ஓடினாள். வழியனுப்ப வந்த கூட்டம் இன்னும் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருந்தது. மணியம்மாவுக்கும் தேவேந்திரனுக்கும் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றாள்.

“கண்ணு வெச்சது நான். கௌசிகா இல்ல. என் கைதான் வெச்சது. பஸ்ஸு வந்துடுச்சின்னு எடுக்காம ஓடிட்டேன். காலைல சொல்லாம நின்னதும் நான்தான்.”

தேவேந்திரன் தன் வலது கையை விரித்து ஒருமுறை பார்த்தான். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டான்.

“ஏம்மா, படிச்ச பொம்பளதானே நீ?” என்றாள் மணியம்மா. அந்த ‘ங்க’ போய்விட்டது. “ஒரு புள்ள அடி வாங்கச் சொல்லோ கல்லு மாதிரி நிக்கிறியே, வயிறு எரியல உனக்கு?”

“எரிஞ்சிது” என்றாள் நளினி.

“எரியட்டும்.” மணியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எல்லை தாண்டலியே?”

“தாண்டல.”

“அப்ப வா. வெச்ச கையிதான் அறுக்கணும்.”

எல்லைக்கல் பக்கத்திலேயே மூஞ்சியை இறக்கினார்கள். நரசிம்மன் இறக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இறக்குங்கள் என்றும் சொல்லவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். மணியம்மா இடுப்பு மடிப்பிலிருந்து அந்த இரண்டு கொட்டையை எடுத்துத் திரும்பவும் குழியில் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். தேவேந்திரன் வீட்டுக்கு ஓடிப் போய் ஜாத்திரைக் கத்தியைக் கொண்டுவந்தான். நளினியிடம் நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்போதும் உருட்டிக்கொண்டே இருக்கிற அந்தக் கை அன்றைக்கு ஆடாமல் நின்றது. இடது கன்னத்தில் கத்தியை வைத்தாள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் ஈரம். ஐந்து வாரம் மிதித்த மண் கத்திக்கு வழிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். நளினிக்குக் கண்ணில் பொலபொலவென்று வந்தது. பக்தியா, துக்கமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை அழகான ஒன்றைச் செய்து தானே அறுத்தாள், அவ்வளவுதான்.

பிடி பிடியாக மண் போய்க்கொண்டிருந்தபோது நரசிம்மன் போனை அவளிடம் நீட்டினார்.

“சார், மூஞ்சி வராது” என்றாள் நளினி.

“அப்ப நீங்களும் வர வேணாம்” என்றார் சுரேஷ்பாபு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போன் அணைந்தது.

நளினி தரையில் உட்கார்ந்தாள். ரோட்டோர மண்ணில், காலை நீட்டி, சும்மா. பிள்ளைகள் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. தூரத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பயல் ஒருத்தன், “அப்ப திருப்பதி கெடையாதா?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தான்.

கௌசிகா கூட்டத்திலிருந்து வந்தாள். உள்ளங்கையில் அவள் பங்கு மண், ஈரமாக. நளினிக்கு எதிரில் வந்து நின்றாள். பிள்ளை முகத்தில் நிம்மதி வந்திருக்கும், நன்றி வந்திருக்கும் என்று நளினி எதிர்பார்த்தாளோ என்னவோ. வந்தது கோபம். மூக்கு விடைத்துக்கொண்டு நின்றது.

“அப்ப கடைக்குதான் போவப் போறீங்களா?”

“ஆமா.”

“அப்ப நான் வாங்குன அடி?”

நளினி அவள் கன்னத்து விரல் தடத்தைப் பார்த்தாள்.

“அப்பவே சொல்லிருக்கலாம்ல! நான் அடி வாங்கறதுக்கு மின்னாடியே சொல்லிருக்கலாம்ல!”

“சொல்லிருக்கணும்” என்றாள் நளினி.

அடுத்த நொடி கௌசிகாவின் கை வீசியது. மண்ணோடு சேர்த்து நளினியின் கன்னத்தில் சப்பென்று ஒன்று. ரோட்டில் போன மாடு திரும்பிப் பார்த்தது. “ஏய்!” என்று நரசிம்மன் கத்தினார். தேவேந்திரன் இரண்டு எட்டில் வந்துவிட்டான்.

“யாரும் அவள ஒண்ணியும் சொல்லக் கூடாது” என்றாள் மணியம்மா. “பிரசாதம் குடுத்துகிறா புள்ள. வாங்கிக்கோ டீச்சரம்மா.”

நளினி வாங்கிக்கொண்டாள். கன்னம் எரிந்தது. மண் குளிர்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துக் கௌசிகாவின் உதடு கோணியது, பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள். காலையில் வாங்கிய அடிக்கு அப்போதுதான் அழுதாள். தேவேந்திரன் அவளுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு சிட்டிகை ஈரமண்ணை எடுத்து, அந்த நான்கு விரல் தடத்தின் மேல் பயந்து பயந்து பூசினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி பூசினான்.

நளினி திருப்பதிக்குப் போகவில்லை. புத்தூரில் கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். சீட் இருந்தது, உட்கார்ந்தாள்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, மூஞ்சில மண்ணு?” என்றார்.

“கெங்கம்மா மண்ணு.”

“ஜாத்திரை இன்னும் வரலியே? எந்த ஊருல?”

“சின்னக்கண்டிகைல.”

“யாரு பூசிவுட்டது?”

“மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு” என்றாள் நளினி.

கண்டக்டர் டிக்கெட் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். “வூட்டுல பேத்திக்கு மூணு நாளா ஜுரம்மா. துளி குடுங்க.”

நளினி கன்னத்திலிருந்து ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை டிக்கெட் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த சீட்டுக்குப் போனார். மிச்ச மண் காயக் காய, சித்தூர் வரைக்கும் அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.